கை எட்டும் இடத்தில் ஒரு நூல்

மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலுக்கு அருகே சொக்கப்ப நாயக்கன் தெரு என்றொரு தெரு உண்டு. 1895ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அத்தெருவில் இருந்த ஒரு வீட்டிற்கு ஒரு நூல் வந்து சேர்ந்தது. வீட்டுத் தலைவராகிய சுப்பையர் தாம் படிப்பதற்கென்று பிறரிடமிருந்து இரவல் வாங்கி வந்த நூல் அது. அவ்வீட்டில் தந்தையை இழந்து, சிறிய தந்தையாரின் ஆதரவில் வளர்ந்துகொண்டிருந்த பள்ளி மாணவன் ஒருவன் இருந்தான். பந்தாட்டத்திலும் மற்போரிலும் உள்ள விருப்பம் பாடத்தில் இல்லாதவன். ஒருமுறை கேட்டதை மறவாத நினைவாற்றல் இருந்தமையால் எப்படியோ வகுப்புகளைக் கடந்துவந்தவன். வேங்கடராமன் என்பது அவன் பெயர்.

அந்த நூலை அவனிடம் எடுத்துக் கொடுத்தவர் எவரும் இல்லை. “இதைப் படித்தால் நல்ல பிள்ளை ஆவாய்” என்று சொன்னவர் இல்லை. “இது உன் வயதுக்கு உரியதன்று, வைத்துவிடு” என்று தடுத்தவரும் இல்லை. வீட்டில் ஒரு நூல் இருந்தது, கை எட்டும் இடத்தில் இருந்தது, அவன் கண்ணில் பட்டது, எடுத்தான், படித்தான். பள்ளிப் பாடங்களை விடுத்தால் அவன் தானாக எடுத்துப் படித்த முதல் சமய நூல் அதுவே. சேக்கிழார் பெருமான் அருளிய பெரிய புராணம்.

அறுபத்து மூன்று நாயன்மார்களின் வரலாறு அச்சிறுவனைத் திகைக்க வைத்தது. இத்தகைய அன்பும் இத்தகைய நம்பிக்கையும் மனிதருக்குள் இருக்கக்கூடுமா என்ற வியப்பு அவனை ஆட்கொண்டது. அடுத்த ஆண்டில், 1896ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், அதே வீட்டின் மாடியில் அவனுக்கு நேர்ந்த மரண அனுபவத்தையும், அதன் பின்னர் அவன் திருவண்ணாமலையை அடைந்து பகவான் ஸ்ரீ ரமண மகரிஷியாக விளங்கியதையும் பக்தர் உலகம் நன்கறியும். அந்த அனுபவத்திற்குப் பின் அவன் தனியே நாள்தோறும் மீனாட்சியம்மன் கோயிலுக்குச் சென்று, நாயன்மார்களின் திருவுருவங்களுக்கு முன் நின்று, அவர்களுக்கு வாய்த்த பக்தி தனக்கும் வாய்க்கவேண்டும் என்று கண்ணீர் பெருக நின்றான் என்பதையும் அவருடைய வரலாறு கூறுகின்றது. முன்பு நண்பர்களுடன் எப்போதேனும் சென்று, குங்குமம் இட்டுத் திரும்பிவந்த அதே கோயில்தான். அவனுக்கு அந்தச் சிலைகள் யார் யார் என்று சொல்லிவைத்தது இரவல் வாங்கிய ஒரு நூல்.

இன்று கோயில் பிராகாரத்தில், சாயங்கால தீபாராதனைக்கு முன்னர், அறுபதைக் கடந்த பெரியோர்கள் நால்வர் சேர்ந்து அமர்ந்தால் பேச்சு பேரக்குழந்தைகளைப் பற்றித் திரும்பாமல் இருப்பதில்லை. “பேரன் புத்தகத்தைக் கையால் தொடுவதே இல்லை, கைப்பேசியே கதி என்று கிடக்கிறான்” என்பார் ஒருவர். “பேத்தி படிக்கிறாள், ஆனால் என்ன படிக்கிறாள் என்பதுதான் தெரியவில்லை. மந்திரவாதிகளும் பறக்கும் பூதங்களும் உள்ள கதையாம். நான் வாங்கித் தந்த திருவிளையாடல் கதைகள் பிரிக்கப்படாமலே இருக்கிறது” என்பார் மற்றொருவர். முன்னவர் கவலை குழந்தை படிக்கவில்லை என்பது. பின்னவர் கவலை குழந்தை தாமே தேர்ந்து படிக்கிறது என்பது. இரண்டும் அன்பின் பாற்பட்ட கவலைகளே. ஆயினும் இரண்டையும் ஒரே தட்டில் வைத்தல் தகாது.

இவ்வாறு கவலைப்படுகின்ற தலைமுறை தன் பிள்ளைப் பருவத்தைச் சற்றே நினைத்துப் பார்க்கலாம். கணக்குப் புத்தகத்தின் உள்ளே அம்புலிமாமாவை மறைத்து வைத்துப் படித்த தலைமுறை அது. ‘கண்ணன்’ இதழ் யார் கைக்கு முதலில் வருவது என்று உடன்பிறந்தோர் சண்டையிட்ட தலைமுறை. வார இதழில் வந்த தொடர்கதைகளைக் கத்தரித்து, ஊசி நூலால் தைத்து, பழுப்பு அட்டையிட்டுப் பரண் மேல் வைத்த அத்தைமார்களும் சித்திமார்களும் அன்று இல்லத்திற்கு இல்லம் இருந்தனர். கோடை விடுமுறையின் உச்சிப்பொழுதில், பெரியவர்கள் உறங்கும் நேரம் பார்த்துப் பரண் ஏறிய சிறுவர்கள் எடுத்தவற்றுள் பொன்னியின் செல்வனும் இருந்தது. துப்பறியும் நாவலும் இருந்தது. பழைய பஞ்சாங்கமும் இருந்தது. எதைப் படிக்கவேண்டும் என்று அன்று அட்டவணை போட்டுக் கொடுத்தவர் இல்லை. அட்டவணை போடாமையால் கெட்டுப் போனோம் என்று அவர்களுள் எவரும் இன்று சொல்வதில்லை. தம் வாழ்வின் இனிய நாள்களாக அவற்றைத்தான் சொல்கின்றனர்.

எனினும் இங்கே ஒரு கேள்வியை மறைக்காமல் எதிர்கொள்ள வேண்டும். தானாக எடுத்துப் படிப்பதனால் எந்த இழப்பும் வராதா என்பதே அக்கேள்வி. வேங்கடராமனின் வரலாறே இதற்கு விடை கூறுகின்றது, அவ்விடை எளிதானதன்று.

1896ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள். பெயின் என்பாரின் ஆங்கில இலக்கண நூலிலிருந்து ஒரு பாடத்தை மூன்று முறை எழுதிவர வேண்டும் என்று ஆசிரியர் தண்டனை விதித்திருந்தார். வேங்கடராமன் இரண்டு முறை எழுதினான். மூன்றாம் முறை எழுதக் கை போகவில்லை. தாளையும் நூலையும் ஒதுக்கிவிட்டுக் கண்மூடி அமர்ந்துவிட்டான். இப்படி இருப்பவனுக்கு இந்தப் படிப்பெல்லாம் எதற்கு என்னும் பொருள்பட அண்ணன் நாகசுவாமி ஒரு சொல் சொன்னார். அந்தச் சொல்லில் உண்மை இருப்பதாகத் தம்பிக்குத் தோன்றியது. அண்ணனின் கல்லூரிக் கட்டணத்திற்கென்று சிற்றன்னையிடம் பெற்ற 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயைக் கடிதத்துடன் வைத்துவிட்டு, வீட்டை விட்டு வெளியேறினான். எந்த நிலையத்தில் இறங்கவேண்டும் என்பதை அறிய அவன் புரட்டிப் பார்த்ததும் வீட்டிலிருந்த ஒரு பழைய நிலப்பட நூலே. அது பழையதாகையால் விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் புதிதாக இடப்பட்ட இருப்புப்பாதை அதில் இல்லை. எனவே திண்டிவனத்திற்குச் சீட்டு வாங்கினான்.

இந்த நிகழ்ச்சியில் மூன்று நூல்கள் இருக்கின்றன. கட்டாயத்தால் கையில் திணிக்கப்பட்ட இலக்கணம் பாதியில் ஒதுக்கப்பட்டது. வழி தேடி எடுத்த நிலப்படம் அரைகுறையாகவே வழி காட்டியது. எவரும் கொடுக்காமல் எடுத்த பெரிய புராணம் வாழ்நாள் முழுவதும் உடன் வந்தது.

ஆனால் அந்த வீட்டிற்கு வெளியே, மானாமதுரையில், ஒரு தாய் இருந்தாள். கணவனை இழந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. படித்து உத்தியோகம் பார்த்துக் குடும்பத்தைத் தாங்குவான் என்று நம்பியிருந்த பிள்ளைகளுள் ஒருவன் சொல்லாமல் போய்விட்டான். எங்கே போனான் என்பது தெரிய ஈராண்டு ஆயிற்று. 1898ஆம் ஆண்டு, சிறிய தந்தையார் நெல்லையப்பையர் போய் அழைத்தும் வராத மகனைத் தானே அழைத்துவர அழகம்மாள் திருவண்ணாமலைக்குச் சென்றார். பவழக்குன்றில் சடைபிடித்த தலையும் அழுக்கேறிய கோவணமுமாக அமர்ந்திருந்த மகனைக் கண்டார். நாள்தோறும் தின்பண்டங்களைச் செய்து எடுத்துக்கொண்டு போய், வீட்டுக்கு வரும்படி மன்றாடினார். மகன் மௌனம் கலைக்கவில்லை. அருகிலிருந்தவர்கள் இரக்கங்கொண்டு, ஒரு விடையாவது எழுதிக் காட்டும்படி வேண்டிய பின்னரே, வினைப்பயனின் வழியே யாவும் நடக்கும் என்னும் கருத்துப்பட எழுதிக் கொடுத்தார். தாய் வெறுங்கையோடு திரும்பினார்.

அந்தத் தாயின் கண்ணீரைச் சிறிது என்று எண்ணிவிடலாகாது. உலகிற்கு ஒரு மகரிஷி கிடைத்தார் என்று மகிழும் நேரத்தில், ஒரு வீட்டில் ஒரு பிள்ளை இல்லாமல் போனதையும் நினைக்க வேண்டும். 1916ஆம் ஆண்டு அழகம்மாள் மகன் இருந்த இடத்திற்கே வந்து சேர்ந்தார். அழைத்துப் போக வந்தவர், இம்முறை தங்குவதற்கு வந்தார். விருபாட்ச குகையிலும் பின்னர் ஸ்கந்தாசிரமத்திலும் மகனோடும் அடியார்களோடும் வாழ்ந்து, 1922ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் மகனின் திருக்கரம் தம்மீது இருக்க முக்தி அடைந்தார். இன்று ரமணாசிரமத்தில் வழிபடப்பெறும் மாத்ருபூதேசுவரர் சந்நிதி அந்தத் தாயின் சமாதியின் மேல் எழுந்ததே.

பெரியோர்கள் கவனிக்கவேண்டிய நுட்பம் இங்கேதான் இருக்கின்றது. பிள்ளைகளின் வாசிப்புக்குக் காவல் வைக்கும் பெற்றோர் அஞ்சுவது தீய நூலுக்கு. சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டு வாசலில் எத்துணை விழிப்பான காவலரை நிறுத்தியிருந்தாலும் அவர் பெரிய புராணத்தைத் தடுத்திருக்க மாட்டார். அதனை மகிழ்ந்து உள்ளே விட்டிருப்பார். ஆங்கில இலக்கணத்தையும் உள்ளே விட்டிருப்பார். இவற்றுள் எது பிள்ளையைத் தொடும், எது தொடாமல் போகும் என்பதை அவரால் அறிந்திருக்க முடியாது. எந்த நூல் எந்த உயிரை எங்கே கொண்டு சேர்க்கும் என்பது நூலை வாங்கியவர்க்கும் தெரியாது; எழுதியவர்க்கும் தெரியாது. தெரியாத ஒன்றைக் கட்டுப்படுத்தியே தீர்வது என்று முயல்வதில் பிள்ளையின் ஆசைதான் முதலில் வாடுகின்றது.

அப்படியானால் பெரியவர்களுக்குச் செய்யத்தக்கது ஒன்றும் இல்லையா? உண்டு. அதற்கு வழி காட்டியவரும் சேக்கிழார் பெருமானே.

பெரிய புராணம் பிறந்த கதையைக் கொற்றவன்குடி உமாபதி சிவாசாரியார் இயற்றியதாகக் கொள்ளப்பெறும் சேக்கிழார் புராணம் விரித்துரைக்கின்றது. சோழ மன்னன் அநபாயன் சீவக சிந்தாமணியில் ஈடுபட்டுத் திளைத்திருந்தான். அது காப்பியச் சுவையில் தமிழின் முன்வரிசையில் நிற்கும் நூல்; சமண முனிவர் ஒருவர் இயற்றியது. சிவநெறியில் நின்ற அமைச்சராகிய சேக்கிழாருக்கு மன்னனின் அந்த ஈடுபாடு வருத்தம் தந்தது. அமைச்சர் என்ன செய்தார்? நூலைப் பறிக்கவில்லை, சுவடியைத் தீயிலிடவும் சொல்லவில்லை. சிவனடியார்களின் வரலாற்றை மன்னனுக்கு எடுத்துச் சொன்னார். கேட்ட மன்னன் மேலும் கேட்க விரும்பினான். அதனை நூலாகப் பாடித் தருமாறு வேண்டினான். அமைச்சர் தில்லைக்குச் சென்று, அம்பலவாணர் அடியெடுத்துக் கொடுக்க, பெரிய புராணத்தைப் பாடி முடித்தார். அரங்கேறிய அந்நூலையும் அதனைப் பாடியவரையும் யானைமீது ஏற்றி, மன்னனே பின்னிருந்து கவரி வீசினான் என்பது வரலாறு.

விருப்பம் இல்லாத ஒரு நூல் அன்புக்குரியவர் கையில் இருந்தபோது, சேக்கிழார் அதன் அருகே வேறொரு நூலை வைத்தார். அதுவும் சுவையில் தாழாத நூலாக வைத்தார். தடைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. தடை விதித்திருந்தால் மன்னன் சிந்தாமணியை மறைத்துவைத்துப் படித்திருப்பான். தமிழுக்குப் பெரிய புராணம் கிடைத்திராது. மேலும் ஒரு விந்தை: எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் அதே சிந்தாமணியை ஏட்டுச் சுவடிகளிலிருந்து மீட்டு, 1887ஆம் ஆண்டு அச்சிட்டு உலகுக்கு அளித்தவர், நெற்றி நிறையத் திருநீறு துலங்கிய, சைவ மடத்தில் தமிழ் பயின்ற உ.வே.சாமிநாதையர் அவர்கள். இரு நூல்களும் இன்று ஒரே அலமாரியில் அருகருகே இருக்கின்றன. தமிழ் எதனையும் இழக்கவில்லை.

காந்தியடிகளின் இளமைப்பருவமும் இதற்குச் சான்று. பாடநூல்களைத் தவிர வேறு எதையும் படிப்பதில் தமக்கு அக்காலத்தில் விருப்பம் இருந்ததில்லை என்று தன்வரலாற்றில் அவரே ஒப்புக்கொள்கின்றார். அத்தகைய பிள்ளையின் கண்ணில் ஒரு நாள் தந்தையார் வாங்கிவைத்திருந்த ஒரு நூல் பட்டது. சிரவணன் தன் பெற்றோரிடம் காட்டிய பக்தியைக் கூறும் நாடகம் அது. அதனை ஆழ்ந்த ஈடுபாட்டோடு படித்தார். கண்ணிழந்த தாய் தந்தையரைக் காவடியில் சுமந்து சென்ற சிரவணனின் உருவம் அவர் நெஞ்சில் அழியாது பதிந்தது. அந்த நூலைத் தந்தையார் தமக்காக வாங்கினாரோ, பிள்ளைக்காக வாங்கினாரோ, பிள்ளையிடம் எடுத்துக் கொடுக்கவில்லை என்பது தெளிவு. பின்னர் அத்தந்தையார் நோயுற்றிருந்த நாளில், லாதா மகராஜ் என்னும் இராமபக்தர் மாலைதோறும் வந்து துளசிதாசரின் இராமாயணத்தை அவருக்குப் படித்துக் காட்டினார். அருகில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த சிறுவனுக்கு வயது 13. அங்கு நடந்தது தந்தைக்கான பாராயணம். பயன் மைந்தனுக்கும் சேர்ந்தது.

கும்பகோணத்தில் சார்ங்கபாணி சந்நிதித் தெருவிலும் இதைப் போன்றதொரு நிகழ்ச்சி உண்டு. துணிக்கடைக் கணக்கர் ஒருவரின் மகன். தாயார் கோயிலில் பஜனை பாடுபவர். நாமகிரித் தாயாரிடம் குடும்பமே பக்தி பூண்டது. 1903ஆம் ஆண்டளவில் கல்லூரி நண்பர் வாயிலாக அம்மகனுக்கு ஒரு கணித நூல் கிடைத்தது. கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த அந்நூலில் ஏறத்தாழ 5,000 தேற்றங்கள் இருந்தன. அவற்றிற்கு விளக்கம் மிகக் குறைவு. எந்த ஆசிரியரும் அதனைப் பாடமாக வைக்கவில்லை. சீனிவாச இராமாநுஜன் என்னும் அந்த மாணவர் ஒவ்வொரு தேற்றத்தையும் தாமே நிறுவிக்கொண்டு முன்சென்றார்.

இங்கும் இழப்பு வந்தது. கணிதத்திலேயே மூழ்கியதால் கல்லூரியில் மற்றப் பாடங்களில் தேறவில்லை, உதவித்தொகை நின்றது, 1905ஆம் ஆண்டு வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினத்திற்குச் சென்றுவிட்டார். பின்னர்ச் சென்னையில் படித்தும் தேர்ச்சி கிட்டவில்லை. மகன் உருப்படாமல் போய்விடுவானோ என்று அந்தப் பெற்றோர் அஞ்சிய ஆண்டுகள் பல. 1918ஆம் ஆண்டு இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டதை மட்டும் சொல்லி, இடைப்பட்ட ஆண்டுகளின் துன்பத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. தானே தேர்ந்த நூலைப் பின்பற்றுபவனுக்கு வீட்டாரின் பொறுமை மிகுதியாகத் தேவைப்படுகின்றது. மேதையாகாத பிள்ளைக்கும் அப்பொறுமை தேவை. ஏனெனில் எந்தப் பிள்ளை என்ன ஆவான் என்பது அவனுடைய 16ஆம் வயதில் எவருக்கும் தெரிவதில்லை.

இவ்வளவும் கேட்ட பின், “எல்லா நூலையும் எல்லாக் குழந்தைக்கும் திறந்துவிடுவதா? கண்டதையும் படிக்கலாமா?” என்று ஒரு பாட்டியார் கேட்டால் அக்கேள்வி நியாயமானதே. வீட்டில் மருந்துப் பெட்டி குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில்தான் இருக்க வேண்டும். குழந்தை காணத் தகாத நூல் ஒன்று வீட்டில் இருந்தால், அதனை அகற்றுவது பெரியவர் கடமை. ஆனால் மருந்துப் பெட்டியை உயரத்தில் வைப்பவர் சமையலறையைப் பூட்டுவதில்லை. தகாததை அகற்றிய பின் எஞ்சியிருக்கும் நூல்களுள் எதை எடுப்பது என்பதைக் குழந்தைக்கே விட்டுவிடலாம். பிடிக்கவில்லையென்றால் பாதியில் மூடி வைக்கலாம். பிடித்திருந்தால் ஒன்றையே பத்து முறை படிக்கலாம். படம் மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடலாம். மந்திரவாதிக் கதை படிக்கும் பேத்தியை இகழவும் வேண்டுவதில்லை. விக்கிரமாதித்தன் கதையில் வேதாளத்தைக் கண்டு களித்தவர்கள் தாம் இன்றைய பாட்டிமார்கள்.

நூல்களைப் பூட்டிவைப்பது வீடுகளில் மட்டும் இருந்த வழக்கமன்று, நூலகங்களிலும் இருந்தது. வாசகர் அலமாரியை நெருங்கலாகாது. வேண்டிய நூலின் பெயரை எழுதிக் கொடுத்தால் ஊழியர் எடுத்து வருவார். பெயர் தெரியாத நூலை எப்படிக் கேட்பது? இந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் சீ.இரா.அரங்கநாதன். கணிதப் பேராசிரியராயிருந்து, 1924ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றவர். வாசகர் தாமே அலமாரிகளுக்கிடையே உலவி, எடுத்து, புரட்டிப் பார்க்கும் முறையை அங்கே கொண்டுவந்தார். 1931ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகள் உலகெங்கும் போற்றப்படுகின்றன. நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பதும், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பதும் அவற்றின் சாரம். சுப்பையர் வீட்டுப் பெரிய புராணம் தனக்குரிய வாசகனைக் கண்டுகொண்டது இந்த விதியின்படியே எனலாம்.

அந்த அரங்கநாதன் பிறந்த ஊர் சீகாழி. அவ்வூரின் பெயரைக் கேட்டவுடன் பக்தர் நெஞ்சில் எழும் காட்சி ஒன்று உண்டு. பிரமதீர்த்தக் கரையில் மூன்று வயதுக் குழந்தையை நிறுத்திவிட்டு, சிவபாத இருதயர் நீராட இறங்கினார். தந்தையைக் காணாத குழந்தை தோணிபுரத்துக் கோபுரத்தை நோக்கி அழுதது. அம்மையப்பர் எழுந்தருளி, உமையம்மை ஞானப்பாலைப் பொற்கிண்ணத்தில் ஊட்டினாள். கரையேறிய தந்தை, குழந்தையின் கடைவாயில் பால் வழிவதைக் கண்டார். யார் தந்த எச்சிற்பாலை உண்டாய் என்று சிறுகோல் ஓங்கி அதட்டினார்.

அந்தத் தந்தையிடம் குற்றம் ஏதும் இல்லை. தாம் கொடுக்காத ஒன்றைக் குழந்தை உண்டிருக்கிறது. கொடுத்தவர் யார் என்பதும் தெரியவில்லை. எந்தத் தந்தைக்கும் எழக்கூடிய அச்சமே அது. ஆனால் கோலை ஓங்கியவர், அடிப்பதற்கு முன் கேட்டார். கேட்ட பின், குழந்தையின் விரல் சென்ற திசையில் நிமிர்ந்து பார்த்தார். குழந்தை பாடிய முதல் பதிகத்தைக் காது கொடுத்துக் கேட்டார். அதன் பின்னர் அதே தந்தை அப்பிள்ளையைத் தம் தோள்மீது சுமந்துகொண்டு தலந்தோறும் சென்றார்.

இன்றைய பெரியவர்களும் இவ்வரிசையைக் கைக்கொள்ளலாம். பேரன் கையில் அறியாத நூல் ஒன்றைக் கண்டால், முதலில் கேட்கலாம். “இதனால் என்ன கற்றாய்?” என்று தேர்வாளரைப் போலக் கேட்பதைவிட, “அப்புறம் என்ன ஆயிற்று?” என்று கதை கேட்பவரைப் போலக் கேட்பது நன்று. கண்புரையால் எழுத்து மங்கிய பாட்டனார், “எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, உனக்குப் பிடித்த பக்கத்தை எனக்குப் படித்துக் காட்டு” என்று சொல்லலாம். பேரன் தேர்ந்த கதையைப் பாட்டனார் கேட்டால், பாட்டனார் தேர்ந்த கதையைப் பேரன் கேட்கும் நாளும் வரும். கோயிலுக்கு அழைத்துச் செல்லும்போது, வாசலில் உள்ள புத்தகக் கடையில் குழந்தையின் கையில் ஐம்பது ரூபாயைக் கொடுத்து, விருப்பமான ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். அது எதை எடுத்தாலும் முகம் சுளிக்காமல் இருப்பதே அந்த ஐம்பது ரூபாயைவிடப் பெரிய கொடை.

எல்லாவற்றிற்கும் மேலாக, பெரியவர்கள் தாமே படிக்க வேண்டும். படித்த நூலை அலமாரிக்குள் வைத்துப் பூட்டாமல் ஊஞ்சற் பலகையிலோ திண்ணையிலோ விட்டுச் செல்ல வேண்டும். சுப்பையர் பெரிய புராணத்தைத் தம்பொருட்டுத்தான் கொண்டுவந்தார். அதை அவர் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தால் வேங்கடராமன் கண்ணில் அது பட்டிராது.

நவராத்திரியின் ஒன்பதாம் நாளில் வீடுதோறும் நூல்களை அடுக்கி, சந்தனம் குங்குமம் இட்டுச் சரஸ்வதி பூஜை செய்வது மரபு. அன்று நூலைத் தொடலாகாது என்பதால் குழந்தைகளுக்கு மகிழ்ச்சி. மறுநாள் விஜயதசமியன்று பூஜையிலிருந்து நூலை எடுத்து ஒரு பக்கமேனும் படிக்கச் சொல்வார்கள். பெரும்பாலும் அடுக்கில் இருப்பவை பாடநூல்கள். எடுத்துக் கொடுப்பவர் தாயோ தந்தையோ. இவ்வாண்டு அந்த அடுக்கில் குழந்தை தானே விரும்பிக் கொண்டுவரும் ஒரு நூலுக்கும் இடம் தரலாம். அதன் பக்கத்தில் பாட்டனார் நாள்தோறும் படிக்கும் நூல் இருக்கட்டும். கலைமகளின் திருமுன் இரண்டிற்கும் ஒரே சந்தனம், ஒரே குங்குமம். விஜயதசமி காலையில் எந்த நூலை எடுப்பது என்று குழந்தையிடம் ஒருவரும் சொல்ல வேண்டாம். அதன் கை எதை நோக்கிச் செல்கிறது என்று பார்த்திருந்தால் போதும்.